கருவும் ஓடும் – 7: பிள்ளை போன ஊர்

சென்ற வாரம் 1969-ல் நிறுத்தியிருந்தோம். மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்தைப் பெல் லேப்ஸ் கை கழுவிவிட்டது. நியூ ஜெர்ஸியின் மரே ஹில் வளாகத்தில் அதிகம் யாரும் தொடாமல் கிடந்த பி.டி.பி-7 கணினியை கென் தாம்ஸன் எடுத்துக்கொண்டார். டென்னிஸ் ரிட்சி கூடச் சேர்ந்தார். கோப்புகளை அடுக்கி வைக்க ஓர் ஏற்பாடு, கட்டளையை வாங்கி ஓட்ட ஒரு ஷெல், கூடவே சில சின்னப் புரோகிராம்கள். யூனிக்ஸ் அப்போது அவ்வளவுதான்.

இந்த வாரக் கதையை அங்கிருந்து தொடங்குவதற்கு முன், சொந்த அனுபவம் ஒன்று.

என் கல்லூரி நாட்களில் ஒரு மதியம். லேபில் சி மொழிப் பயிற்சி. ஒரு சி புரோகிராமுக்கு உள்ளிருந்தே ஷெல் கட்டளைகளை ஓட்டலாம், அதற்கு ‘சிஸ்டம்’ என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மேற்கோள் குறிகளுக்கு நடுவே ‘டேட்’ என்று கொடுத்தேன், தேதி வந்தது. ‘எல்.எஸ்.’ என்று கொடுத்தேன், கோப்புகளின் பட்டியல் வந்தது. உற்சாகத்தில் வேறொரு டைரக்டரிக்குப் போகச் சொல்லி ‘சி.டி.’ கட்டளையைக் கொடுத்தேன்.

பிழைச்செய்தி எதுவும் இல்லை. ஃபங்ஷன் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் அடுத்த வரியில், ‘எந்த டைரக்டரியில் நிற்கிறாய்?’ என்று கேட்டால், புரோகிராம் கிளம்பிய இடத்தையே சொன்னது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி கம்பைல் செய்தேன். அதே பூஜ்யம், அதே இடம்.

இதே குழப்பத்தில் யூனிக்ஸை உருவாக்கியவர்களே ஒருமுறை மாட்டிக்கொண்டு விழித்திருக்கிறார்கள் என்று பின்னாளில் ரிட்சியின் கட்டுரையில் படித்தபோது, அந்த மதியம் அப்படியே கண்முன் வந்து நின்றது.

*

பி.டி.பி-7-ன் நினைவகம் 8,192 சொற்கள். ஒவ்வொரு சொல்லும் 18 பிட். அதில் இரண்டு டெர்மினல்கள் இணைந்திருந்தன. டெர்மினலுக்கு ஒன்றாக, மொத்தம் இரண்டே இரண்டு ப்ராசஸ்கள், அதாவது ஓடும் புரோகிராம்கள். மூன்றாவது ஒன்றை உருவாக்க வழியே கிடையாது.

அப்படியென்றால் ஷெல் எப்படி இன்னொரு புரோகிராமை ஓட்டியது?

தன்னையே அழித்துக்கொண்டு!

பயனர் ஒரு கட்டளையைத் தட்டுகிறார். ஷெல் அந்தப் பெயருள்ள கோப்பைத் திறக்கிறது. பிறகு ஒரு குட்டிப் புரோகிராமை நினைவகத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிட்டு அதற்குள் குதிக்கிறது. அந்தக் குட்டிப் புரோகிராம், கட்டளையின் கோப்பைப் படித்து, ஷெல் உட்கார்ந்திருந்த அதே இடத்தின் மேல் எழுதுகிறது. இப்போது அங்கே ஷெல் இல்லை, கட்டளைதான் இருக்கிறது. அது வேலையை முடித்து ‘எக்ஸிட்’ என்று சொன்னதும், யூனிக்ஸின் கருவான கர்னல் டிஸ்கிலிருந்து ஒரு புதிய ஷெல்லைக் கொண்டுவந்து அதே இடத்தில் மறுபடி உட்கார வைக்கிறது.

ஒவ்வொரு கட்டளைக்கும் ஷெல் ஒருமுறை செத்து ஒருமுறை பிறந்தது. முந்தைய பிறவியின் நினைவு எதுவும் அதற்கு இல்லை. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து ஓட்ட முடியாது. இரண்டாவது வரிக்கு வருவதற்குள் ஷெல்லே போயிருக்கும். ஒரு வேலையைப் பின்னணியில் ஓடவிட்டு இன்னொன்றைப் பார்க்கவும் முடியாது.

ஒரு புரோகிராம் இன்னொன்றை ஓட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்வது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

*

தீர்வுக்கான விதை வெளியிலிருந்து வந்தது.

1963-ல் மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர், பல செயலிகள் கொண்ட இயந்திரங்களைப் பற்றிய கட்டுரையில் ‘ஃபோர்க்’ என்ற யோசனையை முன்வைத்தார். முள்கரண்டி. ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஓரிடத்தில் இரண்டாகக் கிளை பிரிகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான நேரப்பகிர்வு அமைப்பிலும் இது இருந்தது. தாம்ஸன் பெர்க்லியில் படித்தவர். அந்த அமைப்பை அறிந்தவர்.

ஆனால் 8,192 சொற்களுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு கணினியில் இதை எப்படிச் செய்வது?

செலவில்லாத வழி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. நினைவகம் சின்னதாக இருந்ததால், ஒரு டெர்மினலின் ப்ராசஸை டிஸ்குக்கு அனுப்பிவிட்டு மற்றதை உள்ளே கொண்டுவரும் வேலையைக் கர்னல் முன்பே செய்துகொண்டிருந்தது. அதே வழியில், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் ஒரு நகலை டிஸ்கில் எழுதிவிட்டால்? ப்ராசஸ் பட்டியலைக் கொஞ்சம் நீட்டி, ‘இதுவும் ஒரு ப்ராசஸ்தான்’ என்று குறித்துவைத்தால்?

ஒன்று இரண்டாகிவிடும். டிஸ்கில் ஒன்று, நினைவகத்தில் ஒன்று. தாயும் பிள்ளையும்.

அசெம்பிளி மொழியில் 27 வரிகள். அவ்வளவுதான் ஃபோர்க்.

இன்று நாம் அறிந்த ப்ராசஸ் ஏற்பாடு முழுவதும் இரண்டொரு நாளில் யோசித்து, எழுதி முடிக்கப்பட்டதாக ரிட்சி பதிவு செய்திருக்கிறார். இந்தச் சுருக்கத்தில்தான் பெரிய திருப்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மற்ற பல அமைப்புகளில், ‘புது ப்ராசஸை உண்டாக்கு’ என்பதும் ‘அதில் இந்தப் புரோகிராமை ஓட்டு’ என்பதும் ஒரே கட்டளை. யூனிக்ஸில் இரண்டும் பிரிந்தன. இது மேதைமையின் திட்டமல்ல. புரோகிராமை ஏற்றும் வேலையை ஷெல்லே தன் கைப்பட ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. எனவே, இல்லாத பாதியை மட்டும் கர்னலில் சேர்த்தார்கள். ‘எக்ஸெக்’ என்ற தனி அழைப்பு அந்த இயந்திரத்தில் அப்போது இல்லவே இல்லை.

பிரிந்ததன் பலன் உடனே தெரிந்தது. பிள்ளை பிறந்த பிறகு, அது வேறு புரோகிராமாக மாறுவதற்கு முன், நடுவில் ஒரு கண நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் அது இன்னும் ஷெல்தான். திரைக்குப் போக வேண்டிய வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்ப வேண்டுமா? பிள்ளை அதைச் செய்துகொண்டு, பிறகு மாறட்டும். தாயின் வெளியீடு கலையாது.

*

எல்லாம் நன்றாகப் போனது. பிறகு ஒன்று கவனத்துக்கு வந்தது.

டைரக்டரி மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை.

அன்றைக்கு அதன் பெயர் ‘சிஎச்டிர்’. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது. இன்று தட்டினால் எந்த முறையீடும் இல்லாமல் முடிகிறது. ஆனால் பயனர் இருந்த டைரக்டரியிலேயே இருக்கிறார். ஃபோர்க் சேர்த்ததால் ஏதோ உடைந்திருக்கிறது என்று வரிவரியாகப் படித்தார்கள். 27 வரிகளில் எங்கே தவறு? கவலையோடு திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்.

தவறு எங்கும் இல்லை.

பழைய ஏற்பாட்டில் டெர்மினலுக்கு ஒரே ப்ராசஸ். சிஎச்டிர் ஓடும்போது அந்த ஒரே ப்ராசஸின் இருப்பிடம் மாறியது. அடுத்து வந்து உட்காரும் ஷெல்லும் அதே ப்ராசஸுக்குள்தான் வந்தது. எனவே மாற்றம் தங்கியது.

புது ஏற்பாட்டில் ஷெல் ஒரு பிள்ளையைப் பெற்றது. பிள்ளை சிஎச்டிர் ஆக மாறியது. சொன்னபடி சரியாக வேறொரு டைரக்டரிக்குப் போனது. ‘வேலை முடிந்தது’ என்று அங்கேயே உயிரை விட்டது. தாய் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிள்ளை வேறு ஊருக்குப் போனால் தாயின் முகவரி மாறுமா?

சிஎச்டிர் வேலையைத் தனிப் புரோகிராமிடம் விடாமல், ஷெல்லே தனக்குள் செய்துகொள்ளும்படி மாற்றினார்கள். இன்றுவரை சி.டி. ஷெல்லுக்குள்ளேயே குடியிருப்பதற்குக் காரணம் இதுதான். என் லேப் மதியத்துக்கும் விடை இதுதான். சிஸ்டம் ஃபங்ஷன் பெற்ற பிள்ளை ஒரு ஷெல். அந்த ஷெல் சி.டி.-யைத் தனக்குள்ளேயே செய்தது. தன் இடத்தை மாற்றிக்கொண்டது. பூஜ்யம் சொல்லிவிட்டு மறைந்தது. என் புரோகிராம் நகர வேண்டுமென்றால், அது தன் காலால்தான் நடக்க வேண்டும். அதற்கென்று சிஎச்டிர் என்ற பெயரிலேயே ஓர் அழைப்பு சி-யில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் அதே நாட்களில் தலைகாட்டியது. ஒரு கோப்பில் இரண்டு கட்டளைகள்: முதலில் எல்.எஸ்., அடுத்து ‘ஹூ’. இரண்டின் வெளியீடும் ஒரே கோப்புக்குப் போக வேண்டும். எல்.எஸ். எழுதி முடித்தது. ஹூ வந்து, கோப்பின் தொடக்கத்திலிருந்து எழுதி, எல்.எஸ். எழுதியதை அழித்தது. ஏனென்றால் ‘கோப்பில் எதுவரை எழுதியாயிற்று’ என்ற கணக்கை ஒவ்வொரு ப்ராசஸும் தன் மடியில் வைத்திருந்தது. பிள்ளை சாகும்போது கணக்கும் கூடவே போனது. அந்தக் கணக்கை எடுத்து, தாயும் பிள்ளைகளும் பொதுவாகப் பார்க்கும்படி கர்னலின் பட்டியலில் வைத்தார்கள்.

இந்தப் பொதுக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

*

பிள்ளை வேலை செய்து முடிக்கும்வரை தாய் என்ன செய்வாள்?

காத்திருக்க வேண்டும். ஆனால் ‘வெயிட்’ என்ற அழைப்பு அப்போது இல்லை. ப்ராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ள ஓர் ஏற்பாடு மட்டும் இருந்தது. அதைவைத்தே சமாளித்தார்கள்.

ஷெல் தன் பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பும். பிள்ளை அதை வாங்கும்வரை அனுப்பியவர் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை எந்தச் செய்தியையும் வாங்காத சாதாரணக் கட்டளை. அது வாங்காமலே வேலையை முடித்துச் செத்துப்போகும். உடனே கர்னல் ஷெல்லிடம், ‘நீ தேடும் ப்ராசஸே இல்லை’ என்று பிழை சொல்லும். ஷெல்லுக்குச் சேதி புரிந்துவிடும்.

பிழைச்செய்தியே இழவுச் செய்தி.

பிள்ளை செய்தி வாங்கும் வகையைச் சேர்ந்த புரோகிராமாக இருந்துவிட்டால்? ஷெல் அனுப்பியதை அது வாங்கிவிடும். ஷெல்லோ பிள்ளை முடித்துவிட்டது என்று நினைத்து அடுத்த வரியைப் படிக்கத் தொடங்கும். அதோடு ஒழுங்கு போயிற்று. செய்தி ஏற்பாட்டை எடுத்துவிட்டு, இதற்கென்றே வெயிட் என்ற எளிய அழைப்பைக் கொண்டுவந்தார்கள். யூனிக்ஸ் பி.டி.பி-11-க்குக் குடிபெயர்ந்து, 1971 நவம்பர் 3 தேதியிட்டு முதல் பதிப்புக் கையேடு வந்தது. ஃபோர்க், எக்ஸெக், வெயிட், எக்ஸிட் என்ற நால்வர் குடும்பமும் அதில் இருந்தது.

சாகும் பிள்ளை ஒரு சின்னக் குறிப்பை விட்டுச் செல்லும். பி.டி.பி-11 16 பிட் இயந்திரம். தாய்க்குக் கிடைக்கும் நிலைக்குறிப்பும் 16 பிட். மேல் 8 பிட்டில் பிள்ளை சொன்ன எண், கீழ்ப் பாதியில் அது எதனால் செத்தது என்ற தகவல். சிஸ்டம் ஃபங்ஷனில் ஓடிய கட்டளை 1 என்று சொல்லி முடிந்தால், உங்கள் கைக்கு ஏன் 256 வருகிறது என்று குழம்பியிருக்கிறீர்களா? 1 மேல் பாதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த அடுக்குமுறை இன்றுவரை மாறவில்லை.

*

1973-ல் இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராய் 1964 அக்டோபரிலேயே ஒரு குறிப்பில் எழுதி வைத்து, விடாமல் கேட்டுக்கொண்டிருந்த, ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் ‘பைப்’, தாம்ஸன் கையால் யூனிக்ஸுக்குள் வந்தது. பிப்ரவரியில் வெளியான மூன்றாம் பதிப்புக் கையேட்டில் அதைப் பார்க்கலாம். அதே ஆண்டில் கர்னல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. இரண்டுக்கும் தனித்தனி அத்தியாயம் வரப்போகிறது என்பதால் இங்கே கடந்துபோகிறேன்.

நமக்கு வேண்டியது, ஒரு புரோகிராமின் நடுவிலிருந்து ஷெல்லைக் கூப்பிடும் ஆசை எங்கே தொடங்கியது என்பது.

1975-ல் வந்த ஆறாம் பதிப்பின் ‘எட்’ எடிட்டரைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பலரிடம் திரை கிடையாது. தாளில் தட்டச்சடிக்கும் டெலிடைப். நீங்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் இன்று என்ன தேதி என்று பார்க்க வேண்டும். எடிட்டரை மூடினால் விட்ட இடம் போய்விடும்.

எனவே ஓர் ஆச்சரியக்குறி. அதைத் தட்டி, பக்கத்தில் டேட் என்று அடித்தால் தேதி தாளில் விழும். அடுத்த வரியில் ஒரு தனி ஆச்சரியக்குறி விழும். ‘போய்விட்டு வந்துவிட்டேன், தொடரலாம்’ என்று அதற்குப் பொருள்.

உள்ளே நடந்தது இது: எட் ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் ஃபோர்க் செய்கிறது. பிள்ளை எக்ஸெக் மூலம் ஷெல்லாக மாறுகிறது, ‘ஒரே ஒரு வரி மட்டும் படி’ என்ற உத்தரவோடு. தாய் வெயிட்டில் நிற்கிறது.

அந்த ஒரு வரியைப் பிள்ளை ஷெல் எங்கிருந்து படித்தது?

டெர்மினலிலிருந்தே! எட் உள்ளீட்டை எழுத்து எழுத்தாகத்தான் படித்தது. ஆச்சரியக்குறி வரை படித்து நின்றுகொண்டது. மீதி வரி இன்னும் யாரும் எடுக்காமல் டெர்மினலில் காத்திருந்தது. தாய் விட்ட எழுத்திலிருந்து பிள்ளை படித்தது. எவ்வளவு கச்சிதம்! உள்ளீடு டெர்மினலுக்குப் பதில் ஒரு கோப்பிலிருந்து வந்தாலும், தாயும் பிள்ளையும் பொதுவாகப் பார்க்கும் அந்தப் பழைய கணக்கு இங்கே கைகொடுத்தது.

இந்த எலும்புக்கூடு அப்படியே இருக்க, ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும். கட்டளை டெர்மினலில் தட்டும் வரியாக இல்லாமல், புரோகிராம் தன் கையால் கொடுக்கும் ஒரு சரமாக இருக்கட்டும்.

அதுதான் சிஸ்டம்.

*

1978-ல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழி நூல் வெளிவந்தது. ஏழாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கங்களில் சிஸ்டம் ஃபங்ஷனுக்கு ஒரு சின்ன இடம் கொடுத்திருந்தார்கள். எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? அதே டேட்.

அடுத்த ஆண்டு, 1979 ஜனவரியில், யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு. அதில் உள்ள சிஸ்டம் ஃபங்ஷனின் மூலநிரல் ஒரு கையளவுதான். இருபது வரிகளைச் சுற்றி முடிந்துவிடும். அதை மெதுவாகப் படித்தால் இதுவரை சொன்ன கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதல் வரியில் ஃபோர்க். பி.டி.பி-7-ன் அந்த 27 வரிகளின் வாரிசு.

பிள்ளையின் பக்கம் இரண்டே வரிகள். ‘ஷெல்லாக மாறு, இந்தச் சரத்தைக் கட்டளையாக எடுத்துக்கொள்’ என்பது ஒன்று. ஷெல்லே கிடைக்காவிட்டால் 127 என்று சொல்லிவிட்டு இறந்துபோ என்பது மற்றொன்று. எக்ஸெக் வெற்றிபெற்றால் பழைய புரோகிராம் அழிந்துவிடும், அடுத்த வரி ஓடவே ஓடாது. ஓடினால் தோல்வி என்று பொருள். 127 வந்தால் ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்று இன்றும் லினக்ஸ் ஆட்கள் பார்த்த கணத்தில் சொல்கிறார்களே, அந்த எண் இதே எண்தான்.

தாயின் பக்கம் இன்னும் அழகு. இடைநிறுத்தும் விசையை அழுத்தினால் அந்தச் சமிக்ஞை தாய், பிள்ளை இருவருக்கும் போகும். பயனர் நிறுத்த நினைப்பது ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையை. அதைக் கூப்பிட்ட புரோகிராமை அல்ல. எனவே தாய் காதைப் பொத்திக்கொள்கிறாள். பிள்ளை மட்டும் சாகிறது. அது முடிந்ததும் தாய் காதைத் திறந்து, பழைய நிலைக்கு வருகிறாள்.

நுணுகிப் பார்த்தால் இரண்டு கீறல்கள் தெரியும். தாய் காதைப் பொத்துவது பிள்ளை பிறந்த பிறகு. நடுவில் மயிரிழை இடைவெளி. அதற்குள் விசையை அழுத்தினால் தாயும் போவாள். அடுத்து, வெயிட் ‘ஏதாவது ஒரு பிள்ளை’ இறந்தால் சொல்லும். சிஸ்டம் தன் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது வேறு பிள்ளை இறந்தால், அந்தச் செய்தியை வாங்கி, பார்க்காமலே எறிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்காகப் பின்னால் காத்திருக்கும் புரோகிராமுக்குச் சேதியே வராது. குறிப்பிட்ட பிள்ளைக்காக மட்டும் காத்திருக்கும் ‘வெயிட்பிட்’ வந்த பிறகுதான் இது தீர்ந்தது.

இந்தக் கீறல்களைக் குறையாகச் சொல்லவில்லை. இருபது வரியில் இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்ற மரியாதையோடுதான் சொல்கிறேன்.

அதே ஏழாம் பதிப்பில் சிஸ்டத்தின் தம்பியும் இருக்கிறான்: ‘பி-ஓபன்’. சிஸ்டத்தில் கட்டளையின் வெளியீடு நேராகத் திரைக்குப் போய்விடும். புரோகிராமின் கைக்கு வராது. பி-ஓபன் ஒரு பைப்பைப் போட்டு, அதன் ஒரு முனையைப் பிள்ளைக்கும் மறுமுனையைத் தாய்க்கும் கொடுக்கிறது. அதன்பின் ஒரு கோப்பைப் படிப்பதுபோல, எல்.எஸ். தரும் பட்டியலை உங்கள் சி புரோகிராம் வரிவரியாகப் படிக்கலாம். யார் யாரைப் பெற்றோம் என்று எழுதி வைக்க அதற்குள் 20 கட்டங்கள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல். மூடும்போது அதைப் பார்த்து, உரிய பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

இந்த இரண்டோடும் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். முதலில் ‘இன்றைய தேதி:’ என்று அச்சடித்துவிட்டு, பிறகு சிஸ்டம் மூலம் டேட் ஓட்டுகிறோம். வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால், தேதி முதலில் வந்து நிற்கிறது, தலைப்பு அதற்குக் கீழே! தாய் அச்சடித்தது இன்னும் அவள் மடியிலேயே, பஃபர் எனும் தாங்ககத்தில், கிடக்கிறது. பிள்ளை தன் வேலையை முடித்து எழுதிவிட்டுப் போய்விட்டது. சிஸ்டத்தைக் கூப்பிடுமுன் மடியைக் காலி செய்யுங்கள். ‘எஃப்-ஃப்ளஷ்’ என்று ஒரு வரி போதும்.

*

இனி, இந்தக் கதையின் இருண்ட பக்கம்.

எட் எடிட்டரில் ஆச்சரியக்குறிக்குப் பின் கட்டளையைத் தட்டியவர், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர். தனக்கு உள்ள அதிகாரத்தோடு, தான் விரும்பியதைத் தட்டினார். சிஸ்டத்தில் அந்த வரியைக் கொடுப்பது ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமை எழுதியவர் ஒருவர். ஓட்டுகிறவர் இன்னொருவர். யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது என்பது மூன்றாவது கேள்வி.

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதியவரும் ரிட்சிதான். சாதாரணப் பயனர் ஓட்டினாலும், கோப்பின் சொந்தக்காரருடைய அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள் யூனிக்ஸில் உண்டு. ‘செட்-யூ.ஐ.டி.’ என்று பெயர். 1973 ஜூலையில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். 1979 ஜனவரி 16 அன்று 4135240 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. சிஸ்டம் ஃபங்ஷனைச் சுமந்து ஏழாம் பதிப்பு வந்த அதே மாதம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘ரூட்’ எனப்படும் மூல அதிகாரத்தோடு ஓடும் ஒரு செட்-யூ.ஐ.டி. புரோகிராம். அதற்குள் சிஸ்டம், மேற்கோள் குறிகளுக்குள் டேட்.

டேட் என்ற புரோகிராமை ஷெல் எங்கே தேடும்? ‘பாத்’ என்ற சூழல் மாறி சொல்லும் டைரக்டரிகளில். அந்த மாறியை யார் வைத்தது? புரோகிராமை ஓட்டுகிற பயனர். அவர் தன் டைரக்டரியை முதலில் வைத்து, அதில் டேட் என்ற பெயரில் தன் சொந்தப் புரோகிராமைப் போட்டுவைத்தால், மூல அதிகாரம் அவர் கைக்கு வந்துவிடும்.

‘சரி, முழு முகவரி கொடுத்துவிடலாமே? சாய்கோடு, பின், சாய்கோடு, டேட்.’

அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஒரு வரியைச் சொற்களாகப் பிரிக்க எந்தக் குறியைப் பயன்படுத்துவது என்பதை ‘ஐ.எஃப்.எஸ்.’ என்ற மாறி சொல்லும். பழைய போர்ன் ஷெல் அதையும் பயனரின் சூழலிலிருந்து அப்படியே ஏற்றுக்கொண்டது. அதில் சாய்கோட்டைப் போட்டுவிட்டால்? முழு முகவரி இரண்டு சொற்களாக உடையும்: ‘பின்’, ‘டேட்’. ஷெல் இப்போது ‘பின்’ என்ற பெயரில் ஒரு புரோகிராமைத் தேடும். பயனர் அந்தப் பெயரில் ஒன்றைத் தயாராக வைத்திருப்பார்.

புரோகிராம் எழுதியவரின் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

சரத்தையே புரோகிராம் ஒட்டித் தைக்கும்போது நிலைமை இன்னும் மோசம். அஞ்சல் கட்டளையோடு பயனர் தட்டிய முகவரியைச் சேர்த்து சிஸ்டத்திடம் கொடுக்கிறீர்கள். அவர் முகவரிக்குப் பின் ஓர் அரைப்புள்ளி வைத்து, கோப்புகளை அழிக்கும் கட்டளையை எழுதினால், ஷெல்லுக்கு அது முகவரியின் பகுதியாகத் தெரியாது. அரைப்புள்ளி என்றால் அடுத்த கட்டளை. சொன்னதைச் செய்யும்.

ஷெல்லைக் கூப்பிடாமல், ஃபோர்க்கும் எக்ஸெக்கும் போட்டு, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கொடுத்தால் இந்த ஆபத்து வராது. அங்கே அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளி. சற்றுக் கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். சிஸ்டத்தின் கையேட்டுப் பக்கங்களே, சிறப்பு அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்களில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கின்றன. நானும் அதையே சொல்வேன்: சரத்தின் ஓர் எழுத்தாவது வெளியாள் கையிலிருந்து வந்திருந்தால், சிஸ்டம், பி-ஓபன் பக்கமே போகாதீர்கள்.

*

1980-களில் இது பல்கலைக்கழக விடுதிகளில் சில மாணவர்கள் கிசுகிசுத்துக்கொண்ட வித்தை. பாதிப்பு ஒரு கணினியோடு முடிந்தது. ஏனென்றால், அதைச் செய்ய அந்தக் கணினியில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

ஆனால் அதற்குள் கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியிருந்தன. முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் எழுத்துகளை வாங்கிக்கொள்வதே தொழிலான ஒரு புரோகிராம் ஆயிரக்கணக்கான இயந்திரங்களில் இரவும் பகலும் விழித்திருந்தது. அஞ்சல் விநியோகிக்கும் ‘சென்ட்மெயில்’. சோதனைக்காகச் சேர்த்த ஒரு வசதி அதில் மூடப்படாமல் கிடந்தது. அது திறந்திருந்தால், பெறுநரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையையே எழுதலாம்.

1988 நவம்பர் 2. அமெரிக்காவில் மாலை நேரம். ஒன்றன்பின் ஒன்றாக இயந்திரங்களுக்கு ஓர் அஞ்சல் வந்து சேர்ந்தது. பெறுநர் பெயருக்குப் பதில் ஒரு பைப் குறி. அதன்பின் கடிதத்தின் தலைப்புப் பகுதியை வெட்டி எறியும் ஒரு கட்டளை. அதன்பின் இன்னொரு பைப் குறி. கடைசியில், ஷெல்.

தலைப்பை நீக்கிவிட்டு, கடிதத்தின் உடலை மட்டும் ஷெல்லுக்குப் படித்துக் காட்டச் சொல்கிறது அந்த முகவரி.

அந்தக் கடிதத்தின் உடலில் என்ன எழுதியிருந்தது?

(தொடரும்)